ரவிக்கைத் துணி

என் மேசை இழுப்பறையில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு ரவிக்கைத் துணி கிடக்கிறது. மதினிக்கு நான் வாங்கிக் கொடுத்த சேலையோடு, அதே துணியில் வந்தது. தைக்கக் கொடுத்த இடத்திலிருந்து அண்ணன் திருப்பி வாங்கி வந்து என் கையில் தந்தான்.

அண்ணன் மனைவியான மதினி, ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கும் அறையில் வேலை பார்த்தார். நான் அப்போது விருதுநகரில் பொறியியல் கடைசி வருடம். பசையில்லாமல் மின்சாரத்தாலேயே தாளைப் பிடித்துத் தூக்கும் பலகை ஒன்று செய்துகொண்டிருந்தேன். அதில் இரண்டு அகலமான செம்புத் தகடுகளை அருகருகே பதித்திருந்தேன். தாள் நழுவி நழுவி விழுந்தது. வீட்டில் ஓட்டிக் காட்டியபோது மதினி குனிந்து பார்த்தார். "நடுவுல சும்மாதான கெடக்கு தம்பி. ரெண்டு தகடும் கிட்ட வர்ற ஓரத்துலதான் ஒட்டுது, பாருங்க." நான் சமன்பாடாகப் படித்ததை அவர் கண்ணால் பார்த்துவிட்டார். ஓரங்கள் பெருகட்டுமென்று தகடுகளைச் சீப்புகளாக வெட்டி, பல்லுக்குள் பல் கோத்தேன். பிடி பலமானது. ஆனால் பற்களின் கூர்முனையில் பொறி பறந்தது. மதினி அடுப்படிக்கே ஓடிவிட்டார். "இம்புட்டுப் பொறி போதும் தம்பி, எங்க ரூம்ல ஒராளு மிஞ்சாது." பொறி அடங்கும்வரை நாள்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு முனையையும் வளைத்து மழுக்கினேன்.

அந்தச் சந்தோஷத்தில் வாங்கியதுதான் சேலை. "காட்டன்தானா தம்பி? நைலான்னா உள்ள விடமாட்டாக" என்றார். கடைக்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன்: "சுத்தக் காட்டன் மதினி."

கல்லூரியில் என் பலகையை வைத்த கண்காட்சி நாள். மதியம் நேராக அங்கே வந்துவிடலாமென்று, அந்தச் சேலையையே உடுத்திக்கொண்டு வேலைக்குப் போனார். அறை வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும். உடம்பில் சேர்ந்த மின்சாரம் மண்ணில் இறங்க, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். மதினியும் தொட்டிருப்பார், ஒருநாளும் மறந்தவரில்லை. செயற்கை இழையில் தேங்கியது அப்படித் தொட்டால் இறங்காது. அது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பதினொரு மணிக்கு அந்த அறை வெடித்தது. உராய்வு என்றார்கள். எது உராய்ந்தது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, அண்ணன்கூட. நான்தான் கொன்றேனா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளாத நாளில்லை.

இன்றும் அப்படிப்பட்ட பலகைகள் செய்வதுதான் என் வேலை; சீப்புப் பல்லின் அகலமும் இடைவெளியும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ஒரு துணியில் மின்சாரம் தேங்குமா, அது காட்டனா நைலானா என்று பார்க்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இத்தனை வருடம் பயந்து கிடந்தேன். போன வாரம் அந்த ரவிக்கைத் துணியை எடுத்து, சட்டைக் கையில் நாலு தேய் தேய்த்து, ஒரு தாள் துண்டுக்கு மேலே பிடித்தேன். தாள் துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது. உதறினேன். விழவில்லை.