பூங்காவுக்கு விட்ட இடத்தில் கிடை

எனக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவந்துவிடும் என்று அம்மா சொல்வாள். அந்த வருடம் வைகாசி முழுக்க என் மூக்கு சிவந்தேதான் இருந்தது. காரணம் ஒரு வெறும் நிலம். நெருஞ்சியும் எருக்கும் மண்டி, யாரும் திரும்பிப் பார்க்காமல் கிடந்த ஒரு துண்டு நிலம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. வாசுதேவநல்லூர்ப் பக்கம் குளத்துப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. அப்பா போன பிறகு உழ ஆளில்லை. எனக்குச் சங்கரன்கோவிலில் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்ததை நம்பி, வயலை விற்றுவிட்டு அம்மாவும் தங்கையும் நானுமாக ஊர் மாறினோம். டவுனின் விளிம்பில் ஒருவர் தன் புஞ்சைக் காட்டில் கல் ஊன்றி மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளை வேட்டி, வெற்றிலைச் சிரிப்பு, யாரைப் பார்த்தாலும் ஒரு கும்பிடு. அந்தக் கும்பிடை நம்பியவர்களில் நாங்களும் உண்டு.

மனைகளுக்குச் சட்டதிட்டம் எல்லாம் பலமாக இருந்தது. ரோட்டை ஒட்டிப் பெரிய மனைகள். அங்கே தனி வீடுதான் கட்டலாம், நாலு பக்கமும் காற்றுக்கு இடம் விட வேண்டும். அதற்குப் பின்னால் நடுத்தர மனைகள். அங்கே மாடு கட்டிக்கொள்ளலாம், ஒரு மாடிக்கு மேல் எழுப்பக் கூடாது. கடைசியில் எங்களைப் போன்றவர்களுக்குச் சின்ன மனைகள். சுவரோடு சுவர் ஒட்டி வரிசை வீடு கட்டிக்கொள்ளலாம். சரக்கு அடைக்கிற கிட்டங்கி, மில், பட்டறை எங்கேயும் கூடாது. இத்தனைக்கும் நடுவில் ஒரு பெரிய சதுரம், பூங்காவுக்கு. அங்கே பூச்செடியும் ஊஞ்சலும் வரும் என்று எங்களில் ஒருவரும் கனவு காணவில்லை. அப்படி ஒரு இடம் விட்டால்தான் பிளானுக்கு அனுமதி கிடைக்கும், அதனால் அண்ணாச்சி விட்டார்.

எங்கள் வீடு கடைசி வரிசையில் இருந்தது. ஒரு அறை, ஒரு நடை, ஒரு அடுப்படி. கட்டிலைப் போட்டால் அலமாரியைத் திறக்க முடியாது. மனை பார்க்க வந்த அன்றைக்கே அம்மா கேட்டுவிட்டாள், ஒரு நல்லது கெட்டது என்றால் நாலு பேர் எங்கே உட்காருவார்கள் என்று. அண்ணாச்சி கையை நீட்டி அந்தச் சதுரத்தைக் காட்டினார்.

"அந்தா கிடக்குல்லா தாயி. பந்தல் போட்டா ஊரே உக்காந்து சாப்பிடலாம். உங்க எல்லாத்துக்கும் பொதுதான அது."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அம்மா தலையை ஆட்டினாள்.

குடிவந்து சில வருடங்கள் கழித்துத் தங்கைக்கு ராயகிரியில் மாப்பிள்ளை அமைந்தது. விவசாயக் குடும்பம், நல்ல மனுஷர்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கல்யாணம் பெண் வீட்டு வாசலில் நடக்க வேண்டும், மண்டபம் கிண்டபம் வேண்டாம். தலைமுறை தலைமுறையாக அவர்கள் வழக்கம் அப்படி. எங்கள் வாசலில் இரண்டு கோலப்புள்ளிக்கு மேல் வைக்க இடமில்லை. ஆனால் வாசலுக்கு நேர் எதிரே அந்தச் சதுரம் இருந்ததே! ஆவணியில் முகூர்த்தம் குறித்தோம். தங்கை சாயங்காலம் ஆனால் வாசலில் நின்று பந்தலுக்குக் கால் எங்கே நடுவது, பந்தி எந்தப் பக்கம் என்று அளந்துகொண்டிருப்பாள். கூச்சப்படுகிற பிள்ளைதான், ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் வாய் ஓயாது.

இப்படி இருக்கையில்தான் வைகாசியில் சேதி வந்தது. அண்ணாச்சி அந்தச் சதுரத்தை விற்கப் போகிறாராம். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்தில் சொந்தக் காட்டில் விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவர் வாங்கி, மிளகாய் வத்தலுக்குக் கிட்டங்கி கட்டப் போகிறாராம்.

அன்று ஆபீஸ் விட்டதும் நேரே அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். கிட்டங்கி கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், பொது இடம் என்று நீங்கள்தானே காட்டினீர்கள் என்று பொரிந்து தள்ளினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"பிளான்ல பொது இடம்னு போட்டிருக்கு தங்கச்சி, இல்லைங்கல. ஆனா இத்தன வருசமா நெலத்துல நீங்க என்ன செஞ்சீங்க? ஒரு செடி வச்சீங்களா, ஒரு கல்லு நட்டீங்களா? சும்மா கிடக்கிற நெலம் எனக்குத்தான சொந்தம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருடைய வெற்றிலைச் செல்லத்தை எடுத்துத் தெருவில் வீசியிருப்பேன். வளர்த்த விதம் தடுத்தது. மறுநாளே மனு டைப் செய்து நகர அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கே இருந்தவர்கள் மரியாதையாகவே பேசினார்கள். விதிப்படி அது பொது இடம்தான், ஆள் அனுப்பி அளக்கிறோம், ஆனால் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா முடியட்டும் என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. தபசுக்கு வருகிற கூட்டத்துக்குத் தண்ணீரும் விளக்கும் பார்க்கவே அவர்களுக்குக் கை பத்தாது. ஆனால் சம்சாரி ஆனியிலேயே வந்து நிலத்தைப் பார்த்து முடித்துவிடுவார் என்று ஊரெல்லாம் பேச்சு. கிரயம் ஆகி அஸ்திவாரமும் தோண்டிவிட்டால் பந்தலை எங்கே போடுவது?

ஆபீஸிலிருந்து நடந்து வரும்போது ஒரு நாள் ரோட்டை அடைத்துக்கொண்டு ஆட்டு மந்தை எதிரே வந்தது. புழுதிக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றேன். நிலத்துல நீங்க என்ன செஞ்சீங்க என்ற கேள்வி காதில் குடைந்துகொண்டே இருந்தது. சட்டென்று எங்கள் வயல் ஞாபகம் வந்தது. கோடையில் அப்பா ஆட்டுக் கிடை போடுவார். ராத்திரி முழுக்க மந்தையை வயலில் தட்டி கட்டி அடைத்து வைத்தால் புழுக்கையே உரம். கிடைக்காரருக்குச் சோறு எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். நிலம் யாருடையது என்று அந்தப் பக்கத்தில் ஒருவரும் பத்திரம் கேட்க மாட்டார்கள். கிடைக்காரருக்குச் சோறு போடுகிறவன் எவனோ, அவன் நிலம். அவ்வளவுதான்.

மந்தைக்குப் பின்னால் வந்த கிடைக்காரரை அங்கேயே நிறுத்தினேன். எங்கள் இடத்தில் கிடை போட வேண்டும் என்றேன். அவர் என் கைப்பையையும் செருப்பையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நிலம் யாருடையது என்று கேட்டார். எங்கள் தெருக்காரர்கள் எல்லாருடையதும் என்றேன். அவருக்கு அது பிடிபடவில்லை. பங்காளிகளா என்றார். ஆமாம், பங்காளிகள் மாதிரிதான் என்றேன். ஒரே சாதி, ஒரே குடும்பம் என்று ஒன்றுமில்லாத பங்காளிகள் என்பதை விளக்க அப்போது நேரமில்லை.

"அப்படின்னா ஒரு கண்டிசன் தாயி. பங்காளி நெலத்துல கிடை போடணும்னா எல்லா வீட்டுச் சோறும் வரணும். ஒரு வீடு வரலைன்னாலும் அது வில்லங்க நெலம். விடிஞ்சதும் தட்டியப் பிரிச்சிருவேன்."

சரி என்றுவிட்டேன். சொன்ன பிறகுதான் ஒவ்வொரு வீடாக எண்ணிப் பார்த்தேன். பின்வரிசையில் பிரச்சினை இல்லை. அங்கே பாதிப் பேர் விவசாயக் கூலிக்குப் போகிறவர்கள், கிடை என்றதும் அவர்களுக்குக் காரியம் புரிந்துவிட்டது. நடுவரிசைக்காரர்கள் மாடு வைத்திருந்தவர்கள், சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். இடித்தது முன்வரிசைதான். அதிலும் மூலைப் பெரிய வீட்டு ரிடையர்டு ஹெட்மாஸ்டர். அவர் சரி என்றால் முன்வரிசை முழுக்கச் சரி, அவர் மாட்டேன் என்றால் ஒருவரும் வாசலைத் தாண்ட மாட்டார்கள். எங்கள் பின்வரிசைப் பிள்ளைகள் அவர் வீட்டு முன்னால் டயர் உருட்டக் கூடாது, நாங்கள் துணி காயப்போட்டால் ரோட்டுக்குத் தெரியக் கூடாது என்று பிளானில் இல்லாத சட்டமெல்லாம் அவராகவே போட்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் எதிர்பார்த்தபடியே முகத்தைச் சுளித்தார். குடியிருக்கிற இடத்தில் ஆட்டை அடைப்பதா, மூத்திர வாடை யார் தாங்குவது என்றார். எனக்கு மூக்கு சிவந்தது.

"சார், ஆட்டு வாடை ஒரு மழையில போயிரும். வத்தல் நெடி போகுமா? உங்க வீட்டு ஜன்னல் அத்தனையும் அந்த இடத்தப் பாத்துத்தான் இருக்கு. காத்துக்கு எடம் விட்டுக் கட்டுனீங்க. இனி அந்தக் காத்துல என்ன வரும்னு நெனச்சுப் பாருங்க."

அவர் உள்ளே போனார். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. அவருக்குத் தாளிக்கிற நெடிக்கே தும்மல் நிற்காது என்பது தெருவுக்கே தெரியும். ஆனாலும் மனுஷர் வீம்புக்காரர். எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆனி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மந்தை வந்து சேர்ந்தது. நெருஞ்சியையும் எருக்கையும் அதற்கு முன்னாலேயே பின்வரிசைப் பெண்கள் வெட்டி ஒதுக்கியிருந்தார்கள். தட்டி கட்டி ஆடுகளை அடைத்துவிட்டு, கிடைக்காரர் ஓரமாகத் துண்டை விரித்து உட்கார்ந்தார். ஒவ்வொரு வீடாகச் சோறு வந்தது. ஒரு வீட்டில் கம்மஞ்சோறு, ஒரு வீட்டில் புளிக்குழம்பு, ஒரு வீட்டில் கருவாடு. ஒரு ஆளுக்கு எதற்கு இத்தனை என்று அவரே சிரித்தார். ஒவ்வொன்றிலும் ஒரு கை அள்ளி வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். பின்வரிசை முடிந்தது, நடுவரிசை முடிந்தது. முன்வரிசையில் ஒரு கதவும் திறக்கவில்லை. கிடைக்காரர் கை கழுவாமல் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது மூலை வீட்டுக் கேட் கிரீச்சிட்டது. ஹெட்மாஸ்டரின் சம்சாரம் தூக்குவாளியோடு வந்தார். ரசம் சாதம். பின்னாலேயே ஹெட்மாஸ்டர், கையில் ஒரு ஜாடி.

"ஊறுகாய எடுக்காம வந்துட்டா" என்றார் பொதுவாக, யார் முகத்தையும் பார்க்காமல்.

அவர் வந்த கொஞ்ச நேரத்தில் முன்வரிசை முழுக்கக் கேட் திறக்கிற சத்தம்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் வந்த அழுகைதான், ஆனால் புழுதி என்று சொல்லிச் சமாளித்தேன்.

கிடை போட்டிருந்த அந்த நாட்களிலேயே ஒரு காலையில் அண்ணாச்சி சம்சாரியை அழைத்துக்கொண்டு வந்தார். மந்தையைக் கண்டதும் அண்ணாச்சியின் நடை தடுமாறியதை நான் எங்கள் வாசலில் நின்று கண்ணாரப் பார்த்தேன். புஞ்சைக்காட்டு மனுஷர், அவருக்குத் தெரியாதா அது என்னவென்று! வாய் நிறைய வெற்றிலை இருந்தும் சிரிப்பு வரவில்லை. வழியே போன யாரோ அடைத்திருக்கிறார்கள், இப்போதே ஓட்டிவிடச் சொல்கிறேன் என்று ஏதோ சொல்லிப் பார்த்தார். சம்சாரி அவரைக் கவனிக்கவே இல்லை. குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்தார். பிறகு கிடைக்காரரிடம், சோறு எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டார்.

கிடைக்காரர் கம்பை நீட்டி, மூலைப் பெரிய வீட்டில் தொடங்கி எங்கள் கடைசி வீடு வரைக்கும் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

"இந்தா, இத்தன வீட்டுலேருந்தும்தான். ஒரு வீடு பாக்கியில்ல."

"இவரு வீட்டுலேருந்து?" என்று சம்சாரி அண்ணாச்சியைக் காட்டினார்.

கிடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

சம்சாரி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கிடைக்குச் சோறு போடாதவன் நெலத்த விக்க வாரதும், நான் அத வாங்க வாரதும் நல்லாவா இருக்கு வே?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டு, வந்த வழியே பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துவிட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்வரிசை ஜன்னல்கள் அத்தனையிலும் தலைகள் இருந்தன. ஹெட்மாஸ்டர் வீட்டு ஜன்னலில் இரண்டு.

அதற்குப் பிறகு அண்ணாச்சிக்கு வேறு வழி இல்லை. இந்தக் கதை புஞ்சைக்காட்டு ஊர்களுக்கெல்லாம் பரவிவிட்டது, இனி அந்த இடத்துக்கு எந்தச் சம்சாரி வருவார்? தபசு முடிந்து அலுவலகத்திலிருந்து ஆள் வந்து அளந்தபோது, அவரே முன்னால் நின்று கல் காட்டி, சதுரத்தைப் பொது இடமாக முறைப்படி எழுதிக் கொடுத்தார். கொடுத்த அன்றைக்கும் எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டார். அந்தக் கும்பிடுக்கு என்னிடமிருந்து ஒரு கும்பிடு கிடைத்தது, கொஞ்சம் பெரியதாகவே.

ஆடியில் பெய்த ஒரே ஒரு மழைக்கு, ஆட்டுப் புழுக்கை கிடந்த அந்த மண்ணில் புல் பாய் விரித்த மாதிரி முளைத்துவிட்டது. வாடையும் போயிற்று. ஆவணியில் அந்தப் புல்லின் மேல் பந்தல் கால் நட்டோம். தங்கை அளந்து வைத்திருந்த அதே இடங்களில். மேளம் முன்வரிசை வரைக்கும் கேட்டது, முன்வரிசை முழுக்கப் பந்தலுக்குள் இருந்தது. ஹெட்மாஸ்டர் பன்னீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை வரவேற்றார். பின்வரிசைப் பிள்ளைகள் அவர் காலுக்குள் புகுந்து ஓடினார்கள், அவர் ஒன்றும் சொல்லவில்லை. ராயகிரிக்காரர்கள் இப்படி ஒரு வாசல் எந்த வீட்டுக்கும் இல்லை என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார்கள்.

அண்ணாச்சிக்கும் நானே நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருந்தேன். வந்தார். முதல் பந்தியிலேயே உட்கார்ந்தார். பரிமாறுகிறவர்களை விலக்கிவிட்டு, சோற்றுப் பாத்திரத்தை நான் வாங்கிக்கொண்டேன். அவர் இலை முன்னால் நின்று ஒரு கரண்டி சோற்றை மலை மாதிரி வைத்தேன்.

"அண்ணாச்சி, இந்த நெலத்துல சோறு போடுதது யாருன்னு நல்லாப் பாத்துக்கோங்க."

பந்தியே ஒரு நிமிஷம் கை நிறுத்திப் பார்த்தது. அவர் என்னைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், பந்தலுக்கு வெளியே பச்சையாகக் கிடந்த புல்லைப் பார்த்தார். பிறகு குழம்புக்குச் சோற்றில் குழி பறித்துக்கொண்டே சொன்னார்.

"பாத்துட்டேன் தாயி. இன்னும் ஒரு கரண்டி போடு."