கை சுடாத விளக்கு

மேபல் கானிகின் என்பவள் இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில்தான் ஊரில் மற்றவர்கள் வேலைக்குக் கிளம்புவார்கள். ஸ்லோக்கன் பள்ளத்தாக்கில் குளிர்காலம் பிறந்துவிட்டால் சூரியன் மலைக்குப் பின்னாலேயே ஒளிந்து ஒளிந்து போய்விடும். அவர்கள் வீட்டு முற்றத்தில் வெயில் விழ பிப்ரவரி ஆகிவிடும். மேபலுக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை. இரவு முழுக்க முதியோர் இல்லத்தில் கிழடுகளைப் புரட்டிப்போட்டு, துணி மாற்றி, திட்டும் வாங்கிக்கொண்டு வருகிறவளுக்கு வெயில் அடித்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன? வீட்டுக்கு வந்தால் அங்கேயும் புரட்டிவிட ஓர் ஆள் இருந்தான். அவள் புருஷன் எல்மர்.

எல்மர் மர அறுவை ஆலையில் இருந்தவன். அடுக்கிலிருந்து உருண்டு வந்த ஒரு மரம் அவன் இடுப்பை நசுக்கிவிட்டது. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். பிழைத்தான், சரி, தூக்கம்தான் பிழைக்கவில்லை. படுத்தால் போதும், இடது காலில் நரம்பு சுண்டி இழுக்கும். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளைப் போட்டால் பகலெல்லாம் பிடித்துவைத்த மாவு மாதிரி உட்கார்ந்திருப்பான். கடைசியில் அவனைத் தூங்கவைத்தது வீட்டு நிலவறையில் வளர்ந்த கஞ்சாச் செடியின் எண்ணெய்தான். படுக்கும்போது நாக்கின் அடியில் ஒரு சொட்டு. கடைகளில் விற்கும் எண்ணெயையும் வாங்கிப் பார்த்தாயிற்று, தலைவலிதான் மிச்சம். நிலவறையில் இருந்தது, காலில் தெம்பு இருந்த காலத்தில் எல்மரே இரண்டு வகைகளைச் சேர்த்து எடுத்த செடி. அதன் கிளையை ஒடித்து ஒடித்து நட்டு இத்தனை வருடம் காப்பாற்றி வந்தார்கள்.

ஒரு காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் பாதி வீடுகள் இதை ஒளித்து வளர்த்தவைதான். இப்போது வீட்டுக்கு நான்கு செடி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்லிவிட்டது. எல்மர் படியிறங்க முடியாமல் போனதிலிருந்து அந்த நான்கும் மேபலின் தலையில் விழுந்தன. வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. அவன் தூங்கினால்தான் அவளும் தூங்கலாம்.

அந்த இலையுதிர் காலத்தில், நிலவறைச் செடிகளுக்கு வெயிலாக இருந்த பழைய சோடியம் விளக்கு புகைந்து செத்துப்போனது. சூட்டில் அது ஒரு அடுப்பு. அதை எந்த உயரத்தில் கட்டுவது என்பதற்கு அந்த ஊரில் யாரும் கருவி வாங்கியதில்லை. செடியின் உச்சியில் புறங்கையை வைத்துப் பார்ப்பார்கள். சுட்டால் விளக்கை ஏற்று, சுடாவிட்டால் இறக்கு, அவ்வளவுதான். எல்மரின் அப்பாவும் அப்படித்தான், எல்மரும் அப்படித்தான். இப்போது அந்த விளக்கே கிடைப்பதில்லை என்பதால் மேபல் ஒரு எல்.இ.டி. விளக்கை வாங்கிவந்து தொங்கவிட்டாள். எல்மர் மேலே படிக்கட்டு உச்சியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உத்தரவு போட்டான்.

"கையில சுடுதா?"

"சுடல."

"அப்ப இறக்கு."

"இறக்கிட்டேன்."

"இப்ப?"

"இல்ல எல்மர். குளுகுளுன்னு இருக்கு."

"என்னத்த வெளக்கோ! இன்னும் இறக்கு."

இப்படியே இறக்கி இறக்கி விளக்கு செடியின் மண்டையில் ஒரு சாண் உயரத்துக்கு வந்துவிட்டது. அப்போதும் சுடவில்லை. அது சுடாத விளக்கு என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவேயில்லை, பாருங்கள்.

கொஞ்ச நாளில் செடிகளின் உச்சி வெளுக்க ஆரம்பித்தது. இலைகள் ஓரம் சுருண்டு மேல்நோக்கி மடிந்துகொண்டன. "பசி, வேறென்ன? உரத்தக் கூட்டு" என்றான் எல்மர். கூட்டினாள். இலை நுனிகள் கருகின. மொட்டுப் பிடிக்க வேண்டிய பருவத்தில் செடிகள் வெள்ளைக் குல்லா போட்டுக்கொண்டு நின்றன.

பழைய எண்ணெய் புட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. எல்மர் தானாகவே சொட்டை அரைச் சொட்டாக்கிக்கொண்டான். மேபல் வீட்டில் இருக்கும் இரவுகளில் பக்கத்தில் அவன் பல்லைக் கடிப்பது கேட்கும். முனகினால் அவள் விழித்துவிடுவாள் என்று தலையணையைக் கடித்துக்கொள்வான், மடையன். அவள் விழித்துத்தான் இருப்பாள். இந்தச் செடிகள் போய்விட்டால் அந்த வகையே போய்விடும், அதோடு இருவர் தூக்கமும் போய்விடும் என்று கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். அலுப்பு என்றால் அப்படியொரு அலுப்பு. அழக்கூடத் தெம்பில்லாத அலுப்பு.

ஒரு காலை, வேலையிலிருந்து நேராகத் தோட்டச் சாமான் கடைக்குப் போனாள். கடைக்காரன் டார்சி அவள் நீட்டிய இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வெளக்கு எவ்ளோ உயரத்துல இருக்கு மேபல்?"

"ஒரு சாண். கையில சுடவே மாட்டேங்குது, டார்சி."

டார்சி சிரித்துவிட்டான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டான். "கோச்சுக்காத. நானும் முதல் தடவை இதேதான் பண்ணேன், நாலு செடிய வெள்ளையடிச்சேன். இந்த வெளக்குல சூடு வராது, வெளிச்சம் மட்டும் கொட்டும். உன் கைக்குத் தெரியாது, செடிக்குத் தெரியும்." வெளிச்சத்தின் அளவு காட்டும் ஒரு கருவியை எடுத்துக் கொடுத்தான். "உச்சில வெச்சுப் பாரு. எழுநூறு, எண்ணூறு காட்டினாப் போதும். வெளக்க ஏத்து, இல்ல பின்னாடி குமிழத் திருகிக் கொறை. எப்படியோ ஒண்ணு."

வீட்டில் வைத்துப் பார்த்தால் எண் ஆயிரத்து நானூறைத் தாண்டியது. தன் கையாலேயே பொசுக்கியிருக்கிறாள்! கயிற்றை இழுத்து விளக்கை உயரே கட்டினாள். மேலே வந்து முட்டைக்கோஸ் சூப்பைச் சுடவைத்துக்கொண்டே எல்மரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"டார்சி சொன்னானா! அவன் பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து நான் செடி வெக்கிறேன்."

"மெஷினு சொல்லுது, எல்மர்."

"மெஷினுக்கு என்ன தெரியும்? எங்கப்பா கை பொய் சொல்லுச்சா?"

அன்று அவன் சூப்பைத் தொடவில்லை. மறுநாள் காலை அவள் நிலவறைக்குப் போனால் விளக்கு மறுபடி ஒரு சாணில் தொங்கியது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எத்தனையோ வருடமாகப் படியிறங்காத மனுஷன், உட்கார்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகப் பின்புறத்தால் இறங்கியிருக்கிறான்! விழுந்திருந்தால்?

"உனக்குப் பைத்தியமா? கீழ விழுந்து கெடந்தா நான் வந்து பொணத்த எடுக்கணுமா?"

"விழல இல்ல? அப்புறம் என்ன."

"செடி சாகுது எல்மர்!"

"நீ மேல ஏத்தி வெச்சா வெளிச்சமில்லாம சாகும்."

அவளால் முடியவில்லை. இரவெல்லாம் நின்ற கால். இன்னொரு சண்டைக்கு அவளிடம் உடம்பு இல்லை. மறுபடி நிலவறைக்கு இறங்கினாள். விளக்கை இருந்த இடத்திலேயே விட்டாள். பின்னால் இருந்த குமிழைத் திருகினாள். கருவியின் எண் சரசரவென்று இறங்கி எழுநூற்றைம்பதில் நின்றது. விளக்கு தாழத்தான் தொங்கியது, வெளிச்சம்தான் பாதியாயிற்று. புருஷனை ஏமாற்றுகிறோமே என்று உறுத்தியது. உறுத்திவிட்டுப் போகட்டும் என்று படுக்கப் போனாள்.

அதற்கப்புறம் எல்மருக்கு அது தினசரி வேலையாகிவிட்டது. மேபல் இல்லாத நேரத்தில் இறங்குவான், கையை வைத்துப் பார்ப்பான், கயிற்றை ஒரு விரல் ஏற்றுவான், ஒரு விரல் இறக்குவான், மூச்சு வாங்க ஏறி வருவான். வெளுத்த இலைகள் வெளுத்தபடியே இருந்தன. ஆனால் புதிதாக வந்தவை நல்ல பச்சை. மொட்டுகள் திரண்டன.

"பாத்தியா? யாரு கை?" என்றான்.

"உன் கைதான்" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கசந்தது. இத்தனை பாடும் தன்னுடையது, பெயர் அவனுக்கு! ஆனாலும் பல நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு களை இருந்தது, அதையும் அவள் பார்த்தாள்.

அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது இல்லத்தில் ஆள் குறைவு என்று இரண்டு ஷிப்டு சேர்த்து வேலை வாங்கிவிட்டார்கள். வீடு வந்தவள் படுக்குமுன் அளவு பார்த்துவிடலாம் என்று நிலவறைக்குப் போனாள். கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து கருவியை எடுத்தது நினைவிருக்கிறது. அதற்குமேல் நினைவில்லை.

விழித்தபோது அறை ஏறக்குறைய இருட்டாக இருந்தது. "ஐயோ, வெளக்கு!" என்று பதறி எழப் பார்த்தாள். தோளிலிருந்து எல்மரின் சட்டை நழுவியது.

"கத்தாத. வெளக்குக்கு ஒண்ணும் ஆகல, நான்தான் கொறைச்சேன்." கடைசிப் படியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் எல்மர். "கண்ணுல வெளிச்சம் குத்திட்டிருந்துச்சு உனக்கு. வாய வேற பொளந்துக்கிட்டுத் தூங்கற."

"எப்படிக் கொறைச்ச?"

"பின்னாடி இருக்கற குமிழத் திருகித்தான். உனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சியா? நீ திருகின அன்னைக்கே தெரியும். ஒடஞ்சது இடுப்புதான், கண்ணு இல்ல."

மேபலுக்கு முதலில் வந்தது கோபம். "அப்ப எதுக்குத் தெனமும் உயிரப் பணயம் வெச்சு எறங்கின? டார்சி சொன்னது சரின்னு ஒரு வார்த்தை சொன்னா கொறைஞ்சா போயிருவ?"

எல்மர் காலைத் தடவிக்கொண்டான்.

"நீ ராத்திரி பூரா கெழடுங்களப் பாக்கற, காலையில வந்து என்னப் பாக்கற. இந்த நாலு செடியையும் நீயே பாத்துக்கிட்டா, நானும் அந்தக் கெழடுங்கள்ல ஒண்ணு. அவ்ளோதான் மேபல்."

அவனைப் புரட்டிவிட்ட ஒவ்வொரு காலையும், அவன் முகத்தைப் பார்க்காமலே துணி மாற்றிய ஒவ்வொரு தடவையும் கண்முன் வந்து நின்றன.

"மொட்டு முத்தற சமயம்" என்றாள் கடைசியில். "வெளிச்சம் வேணும் அதுங்களுக்கு."

"ஒரு பகல் இல்லன்னா செத்துடாது. நீ தூங்கு."

மேலே படுக்கை இருந்தது. அவளும் எழுந்து போகவில்லை, போ என்று அவனும் சொல்லவில்லை. சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவன் நகர்ந்து வந்து சட்டையை எடுத்து மறுபடி அவள் தோளில் போர்த்தினான். மேபல் தூங்கிப்போனாள். எல்மர் பக்கத்தில் விழித்திருந்தான்.