செருந்திக்கு மாமன் இல்லை

சிவகாசியில் காகித வியாபாரம் பார்த்த சங்கரலிங்கத்தின் மூத்த மகள் பொன்னுத்தங்கம். தாய் சொர்ணலட்சுமி சாத்தூர்க்காரி. அந்தத் தாய்க்கு ஒரே தம்பி காசிராஜன். திருத்தங்கலில் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் சின்னக் கம்பெனி வைத்திருந்தான். பொன்னுத்தங்கத்தைத் தொட்டிலில் போட்ட அன்றே ‘இவள் தம்பிக்குத்தான்’ என்று பேசியாயிற்று. யாரும் அதை எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்ததைவிடக் கெட்டி.

ஐம்பதுகளில் அவள் சிறுபிள்ளை. மாமன் கொண்டுவந்து போடும் மை பிசகிய லேபிள் தாள்கள்தான் விளையாட்டுச் சாமான். மயில், யானை, இரண்டு நிழல் விழுந்த புலி. எழுத்துக் கூட்டத் தெரியுமுன்னே அதுகளுக்குக் கதை சொல்வாள். யானை மயிலுக்குச் சித்தப்பா, புலி வீட்டோடு வந்த மருமகன். முறை சொல்ல முடியாத ஒரு உயிரும் அவள் கதைக்குள் நுழைய முடியாது.

அறுபத்து மூன்றில் விருதுநகருக்கு ரயிலில் போய்ப் புகுமுக வகுப்புப் படிக்க ஆரம்பித்தாள். அவர்கள் வகையறாவில் பெண்பிள்ளை கல்லூரிக்குப் போனது அதுதான் முதல். சங்கரலிங்கம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

“பாஸ் பண்ணினா மேல படி, தாயி. தவறுனா வைகாசியில தாலி. பெறகு அழக்கூடாது.”

தமிழ்ப் பாடத்தில் ஒரு பழைய காவியம் இருந்தது. அதில் செருந்தி என்று ஒரு அரசகுமாரி. சண்டை ஓயட்டும் என்று தகப்பன் அவளைப் பகையரசனுக்கே கட்டிக் கொடுக்கிறான். சில காலம் போய்ச் சண்டை மறுபடி மூள்கிறது. கோட்டைக்கு வெளியே தகப்பன் படை, உள்ளே புருஷன் படை. கோட்டைச் சாவி அவள் கையில். அவள் சாவியை அகழியில் எறிந்துவிட்டு மூடிய கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறாள். அதோடு காவியம் முடிகிறது.

செருந்தியின் குணம் என்ன, காவியத்தின் கருப்பொருள் என்ன என்று கட்டுரை எழுத வேண்டும். செலக்‌ஷன் பரீட்சையில் அதுதான் பெரிய கேள்வி. அதில் தேறினால்தான் பங்குனியில் பெரிய பரீட்சை எழுத விடுவார்கள்.

வீட்டுப் பின்கட்டில் பெண்கள் கூடி உட்கார்ந்து தீப்பெட்டிக் கூடு ஒட்டுவார்கள். லீவு நாட்களில் மத்தியானம் பொன்னுத்தங்கம் அங்கே போய்ப் பாட்டுகளை உரக்கப் படித்துப் பொருள் சொல்வாள். அவளுக்கு மனப்பாடம் ஆயிற்று. அவர்களுக்குப் பொழுது போயிற்று.

ஒரு நாள் பேச்சியம்மாள் பசைக் கையைத் தூக்கி நிறுத்தினாள். “பாப்பா, அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன் யாரு?”

“காவியத்துல மாமன் இல்லக்கா.”

“மாமன் இல்லாம கல்யாணம் எப்படி நடந்துச்சு? ராசா வீடுன்னா முறை செத்தா போச்சு?”

மாரித்தாய் தலை நிமிரவில்லை. “இருந்திருப்பான். கல்யாணச் சோத்தைத் தின்னுட்டு எங்கனயாச்சும் போயி ஒறங்கியிருப்பான். எங்க மாமன் மாதிரி.”

அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பெண்ணை வைத்துத் தகராறு வந்தால் தாய்மாமன் வந்து நடுவில் துண்டை விரித்து உட்காருவான். அவன் துண்டை எடுக்கும்வரை இரண்டு தரப்பும் எழுந்து போகக் கூடாது. அப்படி ஒருவன் வந்திருந்தால் செருந்தி ஏன் கதவில் சாய்கிறாள்?

அன்றிலிருந்து மாமன் வளர்ந்தான். மேற்குச் சீமையில் குதிரை வியாபாரம் பண்ணுகிறவன் என்றாள் பேச்சியம்மாள். மருமகள் கல்யாணத்துக்குப் பச்சைப் பட்டு கொண்டுவந்தானாம். பந்தியில் முதல் வெற்றிலை தனக்கு வைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு போனவன்தானாம், சண்டை நாளிலும் திரும்பவில்லை. மார்கழி வெயில் இதமாக விழும். பசை வாசத்தில் கண் செருகும். கொடியில் காயும் லேபிள் தாள்கள் சலசலக்கும். புத்தகத்தை மடியில் வைத்தபடி பொன்னுத்தங்கம் கண்ணயர்வாள். அந்த வரிசையில் செருந்தியும் உட்கார்ந்து கூடு ஒட்டுவாள். அவள் பொன் வளையலில் பசை அப்பியிருக்கும். தூரத்தில் மேற்கே குதிரைமேல் ஒரு ஆள். வரவும் மாட்டான், போகவும் மாட்டான். செருந்தி ஒவ்வொரு கூட்டையும் ஒட்டிவிட்டு அந்தத் திசையைப் பார்ப்பாள்.

பரீட்சையில் பேனா தண்ணீராய் ஓடியது. மாமனுக்கு மட்டும் ஒரு பக்கம். பட்டு, வெற்றிலை, கோபம், எல்லாம்.

பேராசிரியை லட்சுமிகாந்தம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். “இந்த மாமன் எந்தப் பாட்டில் வருகிறார், அம்மா? வருஷக்கணக்காக இதைப் பாடம் நடத்துகிறேன். எனக்கு அவரைப் பழக்கமில்லையே.”

பதில் சொல்ல வாயைத் திறந்த பிறகுதான் பொன்னுத்தங்கத்துக்கு உறைத்தது. எந்தப் பாட்டிலும் இல்லை. பின்கட்டில்தான் இருக்கிறான். பசைச் சட்டிக்குப் பக்கத்தில்.

தேறவில்லை. பொங்கல் கழித்து இன்னொரு முறை எழுதலாம், வீட்டில் விட்டால், என்றார் பேராசிரியை.

வீட்டில் விடவில்லை. “சொன்ன சொல் சொன்னதுதான்” என்றார் சங்கரலிங்கம். நாள் குறிக்கத் திருத்தங்கலுக்கு ஆள் போயிற்று. காசிராஜன் சைக்கிளில் வந்தான். அக்காள் வெற்றிலைத் தட்டை வைத்தாள்.

அவன் வெற்றிலையைத் தொடாமல், தூண் ஓரம் நின்றவளைப் பார்த்தான். “எதுல தவறுன?”

“இல்லாத மாமனை எழுதிட்டேன், மாமா.”

“அவன் என்ன செஞ்சான்?”

“ஒண்ணும் செய்யல. வர வேண்டிய நாள்ல வரல.”

பின்கட்டிலிருந்து மாரித்தாயின் குரல் வந்தது. “வெத்தலை வைக்கலைன்னு கோவம், அண்ணாச்சி. உங்களுக்கு அக்கா வச்சிட்டாக.”

காசிராஜன் வெற்றிலைத் தட்டை ஓரமாய் நகர்த்தினான். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தகப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்தான்.

சங்கரலிங்கம் சிரித்தார். “என்ன மாப்ள, உன் கல்யாணப் பேச்சுக்கு நீயே நடுவுல உக்காந்தா எப்படி?”

“மாப்பிள்ளையா வரல அத்தான். மாமனா வந்திருக்கேன். பிள்ளை இன்னொரு வாட்டி எழுதட்டும்.”

“பாஸ் பண்ணினா மேல படிக்க மதுரைக்குப் போயிருவா. அதுவரைக்கும் உன் வயசு நிக்குமா?”

“நிக்காது. எனக்கு வேற இடம் பாருங்க.” அவன் அதைத் தரையைப் பார்த்துச் சொன்னான். “பிள்ளையை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீகளா?”

சொர்ணலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விளக்கு வைக்கும் வேளைவரை துண்டு கிடந்தது. கடைசியில் சங்கரலிங்கம், “எழுதித் தொலையட்டும்” என்றார். அதன் பிறகே காசிராஜன் துண்டை உதறித் தோளில் போட்டான்.

இரண்டாம் முறை பொன்னுத்தங்கம் இப்படி எழுதினாள்: ‘செருந்திக்கு மாமன் இல்லை. தகப்பன் உண்டு, கணவன் உண்டு, இரண்டு படை உண்டு. நடுவில் உட்கார ஒருவர் இல்லை. அவள் விருப்பம் என்னவென்று காவியம் முழுக்க யாரும் கேட்கவில்லை. கேட்பாரற்ற தனிமையே இதன் கருப்பொருள். சாவியை எறிந்தது கோபமல்ல, அது அவள் தனக்குத்தானே விரித்த துண்டு.’

தேறினாள். பங்குனிப் பரீட்சையிலும் தேறினாள்.

ஆனி மாதம் மதுரைக்குப் புறப்பட்ட அன்று காசிராஜன் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தான். பிரித்தால் பச்சைப் பட்டு. நிறத்தை யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. பின்கட்டில் மாரித்தாய் பசைச் சட்டிமேல் முகத்தைக் கவிழ்த்துச் சிரிப்பை அடக்கினாள்.

ரயில் திருத்தங்கலைத் தாண்டும்போது பொன்னுத்தங்கம் ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணயர்ந்திருந்தாள். மேற்கே வெட்டவெளியில், வெயில் நடுங்கும் இடத்தில், அந்தக் குதிரை நின்றுகொண்டிருந்தது. அதன்மேல் ஆள் இல்லை.