குப்புராஜின் முதல் கேசட்

மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் இருக்கிறானா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. பாடகருக்குக் கைதட்டல், தபேலாவுக்கு விசில். பின்வரிசையில் நின்ற குப்புராஜுக்குக் கடைசிப் பந்தியில் சாப்பாடு. அந்த எரிச்சலில்தான் எண்பத்திரண்டில் மெட்ராஸ் போய், பாட்டே இல்லாமல் பேஸ் கிட்டாரை மட்டும் வாசித்து ஒரு கேசட் போட்டுக்கொண்டு ஆரணிக்கு வந்தான். எல்லாம் கல்யாணக் களை கட்டுகிற மெட்டு. புதுப்பெண்டாட்டி ஜெயத்தை நினைத்து வாசித்தது.

ஏழரைச் சனி மைக்செட்காரர் ரங்கசாமி உருவத்தில் வந்தது. அவர் அதைக் குழாய் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தார். குழாய்க்கு அடித்தொண்டை ஏது? கனத்த நாதத்தையெல்லாம் விழுங்கிவிட்டு முனகலை மட்டும் துப்பியது.

"பாட்டு இல்ல, பேச்சு இல்ல. சாவு வூட்டுக்கு சரியா இருக்கும்பா," என்றார்.

ஒரு சாவுக்குப் போட்டார். ஊருக்குப் பிடித்துவிட்டது. களம்பூர், பெரணமல்லூர் மைக்செட்காரர்கள்கூட நகல் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த முனகல் கேட்டதும் நெசவுக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு, "எந்தத் தெருவுல?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

அப்புறம் அவனை யார் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள்? எதிரே வந்தால் தெருமாறிப் போனார்கள், பாவிகள். குப்புராஜ் வெளியே சிரித்தான். ஆனால் ஜெயம் முழுகாமல் இருந்த மாதங்களில் வீட்டில் அந்தக் கேசட்டை அவன் தொடவே இல்லை. அவள்தான் எடுத்துப் போடுவாள்.

"எனக்குனு வாசிச்சதுங்க இது. ஊரு சொன்னா மாறிடுமா?"

தேவிகாபுரம் திருவிழாக் கச்சேரிக்கு ஆள் குறைந்தது என்று கூப்பிட்டார்கள். ஜெயத்துக்கு நாள் நெருங்கியிருந்தது; மனசில்லாமல் போனான். மறுநாள் மத்தியானம் ஆரணியில் பஸ்ஸை விட்டு இறங்கினால், காற்றில் அந்த முனகல்.

"எந்தத் தெருவுல?" என்று அவன் வாயும் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

டீக்கடையில் ஒருத்தர் தலையைக் குனிந்துகொண்டார். ஓடினான். முன்னால் இரண்டு பேர் மாலையோடு அவன் வீட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

வாசலில் ரங்கசாமி சிரித்துக்கொண்டு நின்றார். "பொம்பளப் புள்ள! ரெண்டு உசுரும் சுகம். நான் வாணாம்னுதான் சொன்னேன். ஜெயம்தான் இத்தப் போட்டே ஆவணும்னுச்சி."

குப்புராஜ் நேரே போய்க் கேசட்டைப் பிடுங்கினான். அதன் பிறகுதான் உள்ளே போனான்.

ஜெயம் குழந்தையை அணைத்தபடி படுத்திருந்தாள். "ஏங்க நின்னுபோச்சி?"

"கரண்டு பூட்ச்சி," என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேலே குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது.