வணங்காத கழுத்து

எங்கள் வீடுகளில் கல்யாணம் என்றால் விழுந்து கும்பிட்டே முட்டி தேய்ந்துவிடும். பெரியவர் யார் எதிரே வந்தாலும் விழ வேண்டும். அவர் திருநீறு பூசிவிடுவார். எழுந்து திரும்பினால் அடுத்தவர் நிற்பார். சிறு வயதில், கீழச்சிவல்பட்டியில் நடந்த ஒரு கல்யாணத்தில் நான் விழாத கால் இல்லை. அவற்றில் ஒன்று பந்தல்காரருடையது என்று பிறகு தெரிந்தது. அவரும் மறுக்காமல் ஆசீர்வாதம் செய்திருந்தார்.

அன்று அங்கே விழாதவர் ஒருவர்தான். அம்மாவின் தம்பி, எங்களுக்கு அம்மான். எங்கள் வீட்டில் தங்கி, காரைக்குடியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அவர் இருக்கும் இடத்தில் சிரிப்புக்குக் குறைவிருக்காது. ஆனால் சில வாரங்களாகத் தலைவலி, சாயங்காலமானால் லேசான காய்ச்சல், தொட்டதற்கெல்லாம் எரிச்சல். கண்ணாடி போட்டால் சரியாகும் என்றார்கள், போட்டுக்கொண்டார். பரீட்சைப் பயம் என்றார்கள், அதற்கு ஒன்றும் போட்டுக்கொள்ள முடியவில்லை.

தாத்தாவின் அண்ணன், எங்கள் எல்லோருக்கும் பெரிய ஐயா, திருநீற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். அம்மான் அவர் முன்னால் கைகூப்பி நின்றார். அம்மா பின்னாலிருந்து, "விழுடா" என்று இடித்தார். அம்மான் மெதுவாக முட்டி போட்டார். தலை மட்டும் குனியவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்தபடி அப்படியே இருந்தார்.

"காலேசுப் படிப்புக்குக் கழுத்து வணங்காதாக்கும்?" என்றார் பெரிய ஐயா.

"இல்லைங்கய்யா, வலிக்குது."

"விழுந்து கும்பிட வலிக்குதாம்ல! கேட்டீகளா?"

பந்தியிலிருந்து எழுந்து வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். பெரிய ஐயா திருநீறு பூசாமலே தட்டை அங்குட்டு நகர்த்தினார். திரும்பும் வழியெல்லாம் அப்பச்சி, அதாவது என் அப்பா, மச்சினனின் திமிரைப் பற்றியே பேசினார். அம்மான் வண்டியை நிறுத்தச் சொல்லி ஓரமாக வாந்தி எடுத்தபோது, "பாயசத்தை மட்டும் குனிஞ்சு குடிச்சிருக்கான்" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மான் இருட்டறையிலேயே படுத்திருந்தார். தண்ணீர் கொடுக்கப் போனேன். "ஏன் ரெண்டு பேரா வந்து நிக்கிறீக?" என்று கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பழைய அம்மான் திரும்பிவிட்டார் என்று ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. போய்ப் பார்த்தார். தம்பிக்கு அக்காவின் பெயர் சட்டென்று வரவில்லை.

காரைக்குடியில் எங்கள் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கழுத்து விறைப்பு இருக்கா?" என்றார்.

"விறைப்புக்கு என்ன டாக்டர் குறைச்சல்?" என்றார் அப்பச்சி. "கல்யாண வீட்டுல பெரிய ஐயா முன்னாடியே குனியலை. எங்க மானமே போச்சு."

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அம்மானை மல்லாக்கப் படுக்கவைத்து, பின்தலைக்கடியில் கை கொடுத்து மெல்லத் தூக்கினார். தாடை நெஞ்சைத் தொட வேண்டும். தொடவில்லை. கழுத்து மடங்காமல், தலையோடு தோளும் சேர்ந்து பலகைபோல எழும்பியது. அம்மான் முனகினார்.

"குனியலைன்னீங்களே, என்னைக்கு?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் கிருமி தாக்கியிருக்கலாம், என்ன கிருமி என்பது முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், உடனே மதுரைக்குப் போங்கள் என்றார் டாக்டர்.

மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரிய சண்டை நடந்தது. அப்பச்சியின் அண்ணன் கல்லலிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். "முதுகுல ஊசி போட்டா ரெண்டு காலும் வெளங்காமப் போயிரும். நான் பார்த்திருக்கேன். வேண்டாம், சொல்றதக் கேளுங்க" என்றார். அப்பச்சியும் தயங்கினார். அதுவரை பெரியவர்கள் முன்னால் குரல் உயர்த்தியறியாத அம்மா, "கழுத்து போயிருச்சு, புத்தி போய்க்கிட்டிருக்கு. வெறும் காலை வச்சுக்கிட்டு என்னத்தச் செய்றது? எடுக்கச் சொல்லுங்க" என்றார். எடுத்தார்கள். கால்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அந்த நீர் எப்படியிருக்கும் என்று எனக்கு ஒரே ஆவல். மூளைக்குப் பக்கத்திலிருந்து வருவதென்றால் ஏதாவது நிறம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். மறுநாள் மதுரை டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயைக் காட்டியபோது அப்பச்சியின் கைக்கடியில் தலையை நுழைத்துப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீர்தான். ஏமாற்றமாக இருந்தது.

"ஆட்டாம வெளிச்சத்துல பாருங்க. உள்ள சிலந்தி வலை மாதிரி படிஞ்சிருக்கா? இதுல சர்க்கரையும் குறைஞ்சிருக்கு. டி.பி.யா இருக்கும்னு நினைக்கிறேன்."

"டி.பி.யா? இவன் ஒருநாள்கூட இருமினதில்லையே!"

"நுரையீரலோட நின்னுக்கிற வியாதி இல்லைங்க அது."

பெரியவர்களுக்கு டி.பி. என்ற சொல் இடித்தது. எனக்குச் சிலந்தி. எங்கள் வீட்டு உத்தரங்களில் ஒட்டடைக்குப் பஞ்சமில்லை, அம்மானோ அதற்கு நேர் கீழேதான் படுப்பார். எப்படி நுழைந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை. அவருடைய காதுக்குள் எட்டிப் பார்த்தேன். ஊர் திரும்பிய பிறகு வெகுநாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கினேன்.

மருந்து தொடங்கினார்கள். ஊசி, கைநிறைய மாத்திரை. அம்மான் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பெயர்களைத் திரும்பக் கண்டுபிடித்தார். பல வாரங்கள் கழித்து, பரிசோதனைக்கூடத்தில் கிருமி எதுவும் வளரவில்லை என்று முடிவு வந்தது. அப்பச்சிக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்ப டி.பி. இல்லைங்கிறாக! மாத்திரையை நிறுத்திரலாம்ல டாக்டர்? நாளைக்கு இவனுக்குப் பொண்ணு பார்க்கணும்."

"வளரலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்லைங்க. பல பேருக்கு வளராது. மருந்துக்கு ஆள் தெளிஞ்சிருக்காரே, அதைப் பாருங்க. நிறுத்தினீங்கன்னா பொண்ணு பார்க்க ஆள் இருக்காது."

நிறுத்தவில்லை. ஒரு வருடத்துக்கும் மேலாக அம்மாவே மாத்திரையை எண்ணிக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை நின்றார். அம்மானுக்குக் கல்யாணமும் ஆயிற்று. ஊசியாலோ நோயாலோ ஒரு காது மந்தம். மனைவி எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதை அவரே தீர்மானிக்கிறார்.

இந்த ஆண்டு என் மகளுக்குத் தலைவலி வந்தது. காய்ச்சலும் விடாமல் தொடர்ந்தபோது, தாடையை நெஞ்சில் வை என்றேன். அவளால் முடியவில்லை. மூளைக்குப் படம் எடுத்தார்கள், முதுகு நீரை எடுத்து அன்றே முடிவு சொல்லும் கருவியில் வைத்தார்கள். கிருமி தெரியவில்லை. "தெரியலைன்னாலும் டி.பி. மருந்தை இன்னைக்கே ஆரம்பிக்கிறோம். தெரியிற வரைக்கும் காத்திருந்தா நேரம் போயிரும்" என்றார் டாக்டர், சின்னப் பெண். அப்படியென்றால் உங்களுக்கே உறுதியில்லையா என்று கேட்டேன். இல்லை என்று என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். மகள் இப்போது எழுந்து உட்காருகிறாள், சண்டை போடுகிறாள். மருந்து நடக்கிறது.

அந்தப் பெண் 'இல்லை' என்று சொன்ன நொடியில் எனக்கு, 'நினைக்கிறேன்' என்று மட்டும் சொல்லியிருந்த மதுரை டாக்டர் நினைவுக்கு வந்தார். அம்மானுக்கு முதல் மருந்தை எழுதிக் கொடுத்த அன்று, அவர் வராந்தாக் கோடியில் இருந்த குழாயடிக்குப் போனார். கைக்குச் சோப்புப் போட்டார், கழுவினார், மறுபடியும் போட்டார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கையைப் பார்க்காமல், அம்மான் படுத்திருந்த வார்டின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவின் சேலையை இழுத்து, எவ்வளவு சுத்தமான டாக்டர் பாருங்கம்மா என்றேன்.