கராம்பு மணந்த பல்

பருத்தித்துறையில் பல் வைத்தியம் பார்க்கும் எனக்குக் கடல்தொழிலுக்குப் போகிறவர்களைப் பற்றி ஒன்று நன்றாகத் தெரியும். வலியைத் தாங்குவார்கள், தவணையைத் தாங்க மாட்டார்கள். வேர்ச்சிகிச்சைக்குத் திரும்பத் திரும்ப வரவேண்டும் என்றால், காற்று விழுந்து கடல் அடங்கியதும் ஆளைக் காணக் கிடைக்காது. அதனால் அவர்களின் பற்களை எல்லாம் நான் மாரிக்கு ஒத்திவைத்துவிடுவேன். மழையும் கடல் கொந்தளிப்பும் இருக்கும்வரைதான் அவர்கள் என் கதிரையில் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படி ஒரு மாரியில்தான் கடல்தொழில் செய்யும் அண்ணை ஒருவர் கன்னம் வீங்கி வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல். நரம்பை எடுத்துச் சுத்தம் செய்தேன். அடுத்த தவணையில் அடைக்க வேண்டும்.

அடைப்பது என்றால், வேருக்குள் இருக்கும் குழாயை இளஞ்சிவப்பு ரப்பர் குச்சியால் நிரப்புவது. குச்சிக்கும் சுவருக்கும் இடையில் மயிரளவு இடைவெளி எப்போதும் இருக்கும். அதை மூடத்தான் சீலர் என்ற பசை. என்னிடம் இரண்டு வகை இருந்தன. பழையது வெள்ளைப் பொடி, கராம்பு எண்ணெயில் குழைப்பது. புதியது இரண்டு குழாய்களில் வரும் பிசின், சரிக்குச் சரி பிதுக்கிக் கலப்பது. பழையது நாள் போகப் போகக் கரையும். வேர் நுனிக்கு வெளியே கொஞ்சம் பிதுங்கிவிட்டால், உடம்பே அதை மெல்ல மெல்லத் தின்றுவிடும். புதியது சுருங்காது, இலேசில் கரையாது, பிதுங்கினால் பிதுங்கினபடியே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். எதற்கும் இரண்டு பக்கம் உண்டு என்பார்கள். நான் புதியதன் பக்கம், ஒளிக்க ஒன்றுமில்லை.

நான் புதியதைப் பிதுக்கப் போனதும் அண்ணை மூக்கை உறிஞ்சினார்.

"டொக்டர் பிள்ளை, உது என்ன, மணமே இல்லை?"

"இதுதான் அண்ணை திறம் மருந்து."

"மணமில்லாட்டி அது என்ன மருந்து? பச்சைத் தண்ணிதானே. கராம்பைப் போடும்."

இங்கே எல்லாருக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. மருந்தை மூக்கால்தான் நம்புவார்கள். பல்லுக்கென்றால் கராம்பு மணக்க வேண்டும், மணக்காவிட்டால் டொக்டர் ஏமாற்றுகிறார். நான் விளக்கினேன், கொஞ்சம் சத்தமும் போட்டேன். அண்ணை அசையவில்லை.

"உமக்குப் படிப்பு, எனக்குப் பல்லு," என்றார்.

சரி, உம்முடைய பல் என்று கராம்பையே குழைத்தேன். பிறகு எடுத்த எக்ஸ்ரேயில், ஒரு வேரின் நுனிக்கு வெளியே எள்ளளவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. நல்ல கைகளிலும் நடப்பதுதான், நான் அலட்டிக்கொள்ளவில்லை. அண்ணையோ வெளியே போய், காத்திருந்த மனைவியின் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து, "மணந்து பார்," என்றார். அக்கா அவரது தோளில் ஓங்கி ஒரு அடி போட்டார். "சனத்துக்கு முன்னாலை, வெக்கங்கெட்ட மனிசன்!" என்று சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். அறை முழுவதும் சிரித்தது.

சில வருடங்கள் போயின. ஒரு நாள் தனியாகக் கடலுக்குப் போன அண்ணை திரும்பி வரவில்லை. படகும் வரவில்லை. அன்றைக்குக் கடல் குளம் மாதிரிக் கிடந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். அதனால் அக்கா ஒரே முடிவாக இருந்தார்.

"இந்தியாவிலை பிடிச்சு மறியலிலை அடைச்சு வைச்சிருப்பாங்கள். ஒரு நாளைக்கு விடுவாங்கள்தானே."

அப்படிப் பிடிபட்டுத் திரும்பி வந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். ஆகவே யாரும் மறுக்கவில்லை. நானும் "ஓம் அக்கா, விடுவாங்கள்," என்றுதான் சொன்னேன். அக்கா குங்குமத்தை அழிக்கவில்லை. வீட்டில் யாரும் அழவும் கூடாது என்று வைத்திருந்தார்.

மாரி முடிந்த பிறகு மணற்காட்டுப் பக்கம் ஓர் உடல் ஒதுங்கியது. அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. முகமும் விரல்களும் இல்லை, தாடை இருந்தது என்பதோடு விடுகிறேன். மரபணுச் சோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பியிருந்தார்கள், அது வரும்போது வரும். அதற்கிடையில் சட்ட வைத்திய அதிகாரி அண்ணையின் பழைய எக்ஸ்ரேயை என்னிடம் கேட்டு வாங்கினார். தாடையில் எடுத்த புதிய படத்தையும் எனக்கு அனுப்பி, பார்த்துச் சொல்லும்படி கேட்டார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு வேர் நுனியில் தூண்டில் முள் போல வளைந்திருந்தது, இரண்டு படத்திலும். மற்ற வேரில் ரப்பர் குச்சி நுனியைத் தொடாமல் நின்ற இடமும் ஒன்றே. என் கை செய்த வேலை எனக்குத் தெரியாதா? பழைய படத்தில் இருந்த வெள்ளைப் புள்ளி மட்டும் புதியதில் இல்லை. ஏன் இல்லை என்றும் எனக்குத் தெரியும். கடவுளே என்று கதிரையில் இருந்துவிட்டேன்.

நான் அதிகாரிக்குப் பதில் சொல்வதற்கு முன்னரே அக்கா வந்துவிட்டார். மோட்டார் சைக்கிளில் கூட்டி வந்தவன் மகன், மீசை அரும்பி முற்றிய இளைஞன். அக்கா கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்திருந்தார். நெற்றியில் பெரிதாகப் புதுக் குங்குமம்.

"டொக்டர், ரெண்டு படமும் ஒத்து வரேல்லையாம்," என்றான் மகன். "பழைய படத்திலை வேருக்குக் கீழை ஒரு வெள்ளைப் புள்ளி இருக்குதாம், மற்றதிலை இல்லையாம். ஆஸ்பத்திரியிலை ஒருத்தர் சொன்னவர்."

"நான் சொன்னனான்தானே, அது அவரில்லை எண்டு," என்றார் அக்கா. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்கடை வாயாலையும் ஒருக்காச் சொல்லுங்கோ."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அரைகுறையாகத் தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த நாட்டில் பாதித் துயரம் குறையும். ஆனால் அந்த ஆள் என் முன்னால் இல்லை. அக்காதான் இருந்தார்.

"அக்கா, அந்தப் புள்ளி கரைஞ்சு போச்சு."

"பல்லுக்கை போட்ட மருந்து எப்பிடிக் கரையும்?"

"வேருக்கு வெளியிலை பிதுங்கினது. கராம்பு மருந்து அப்பிடித்தான், உடம்பு அதைக் கரைச்சுப்போடும்."

"அவர் வேண்டாமெண்ட மற்ற மருந்தெண்டால்?"

"கிடந்திருக்கும்."

அக்கா கைகளை விட்டார். நான் படங்களைக் காட்டினேன். வளைந்த வேரை விரலால் தொட்டார், ஒரு படத்தில், பிறகு மற்றப் படத்தில். மகன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

"தெரியாதெண்டு சொல்லியிருக்கலாமே," என்றார் அக்கா. "கொழும்பிலையிருந்து வருமட்டுமெண்டாலும் விட்டிருக்கலாமே, டொக்டர்."

அன்றைக்கே அதிகாரிக்குப் பதில் எழுதி அனுப்பினேன்.

கொழும்பிலிருந்து வந்த முடிவும் அதையே சொன்னது. செத்தவீட்டுக்குப் போனேன். அக்கா அழுதுகொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது என்று கேள்விப்பட்டேன். என் பக்கம் இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த மாரியில் வந்தார். நெற்றியில் திருநீறு மட்டும். மகனுக்குக் கன்னம் வீங்கியிருந்தது. இப்போது கடலுக்குப் போகிறவன் அவன்தான். அதே கதிரை, அதே கடைவாய்ப் பல். அடைக்கும் நாளில் வேறு எதற்கோ கராம்பு எண்ணெய்ப் போத்தலைத் திறந்தேன். மணம் அறை முழுக்கப் பரவியது. பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்துவிட்டார்.

"உதை மூடுங்கோ டொக்டர். இவனுக்கு மற்றதைப் போடுங்கோ, கரையாததை."

"ஓம் அக்கா, அதைத்தான் போடப் போறன்."

"வேருக்கு வெளியிலை கொஞ்சம் பிதுங்கினாலும் பரவாயில்லை."

"அம்மா, என்ன விசர்க்கதை கதைக்கிறியள்?" என்றான் மகன், திறந்த வாயோடு.

அக்கா அவனைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

"பிதுங்கினால் கிடக்கட்டும். படத்திலை ரெண்டு எடுங்கோ. ஒண்டு என்னட்டை இருக்கட்டும்."