அக்காவுக்கு வாங்கிக் கொடுத்த வசதியான சீட்

போன வாரம் மதுரை ஏர்போர்ட்டில் ஒரு சண்டை போட்டேன்.

சாதாரணச் சண்டை இல்லை. கவுண்ட்டரில் இருந்தவர், அவருக்கு மேலே இருந்தவர், அவருக்கும் மேலே இருந்தவர் என்று மூன்று அடுக்குச் சண்டை. கடைசியில் ஜெயித்தது நான்தான்! அந்த வீரப் பிரதாபத்தைத்தான் இந்த வாரம் உங்களிடம் அளக்கலாம் என்று இருந்தேன். இப்போது எழுத உட்கார்ந்தால்... எனக்கே முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன்.

என் அக்கா பேச்சியம்மா போடிநாயக்கனூரில் இருக்கிறாள். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப்போனது. தொடையிலிருந்து பாதம் வரை இரும்புக் கம்பியும் தோல் பட்டையும் மாட்டிக்கொண்டு, கையில் ஒரு கம்பை ஊன்றித்தான் நடப்பாள். அந்தக் கம்பி பழசாகி, தொடையை அறுக்க ஆரம்பித்துவிட்டது. மெட்ராஸில் அளவெடுத்துப் புதிதாகச் செய்து தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அழைத்து வரலாம் என்று ஊருக்குப் போனேன். அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார்ந்து வர அவளால் ஆகாது.

"பிளேன்ல போயிரலாம்க்கா" என்றேன்.

அக்கா கம்பை ஊன்றி வாசலுக்குப் போய் மலையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"பிளேன்ல இருந்து பாத்தா மலைக்கு அந்தப் பக்கம் தெரியுமாடா அப்பு?"

"தெரியும், தெரியும்" என்றேன், பெட்டியைப் பூட்டிக்கொண்டே.

போடிக்காரர்களுக்கு மலை ஒன்றும் புதிது இல்லை. வாசலைத் திறந்தால் எதிரே நிற்கும். ஆனால் ஏலத்தோட்டங்கள் இருப்பது மலைக்கு அந்தப் பக்கம்; அக்காவுக்கு அதில்தான் ஒரு குறை. இருபது வருஷமாக ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற வேலை. உட்கார்ந்த இடத்து வேலை, அவளுக்குத் தோதான வேலை என்று ஊரே சேர்ந்து முடிவு செய்து கொடுத்தது. பச்சை தனி, வெளிறியது தனி, வெடித்தது தனி. ஒரு கை அள்ளினால் போதும், எந்தப் பக்கத்துத் தோட்டத்துக் காய் என்று சொல்லிவிடுவாள். கடை முதலாளியே அவளிடம் காட்டிக் கேட்டுக்கொண்டுதான் ஏலத்துக்குப் போவார்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு ஏலச்செடியைக்கூடக் கண்ணால் பார்த்தது இல்லை. நம்புவீர்களா?

"காய் மேல காய்க்காதாம்ல, வேருக்குப் பக்கத்துல தரையோட தரையாக் காய்க்குமாம்ல?" என்று எஸ்டேட்டுக்குப் போய் வந்த பெண்களிடம் கேட்பாள். அவர்கள் சொல்லச் சொல்ல வாய் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வாரம் கழித்து மறுபடி அதையே கேட்பாள்.

ஒரே ஒரு தடவை மலைக்குப் போனாள். அதுவும் எப்படி?

நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்த காலம், எழுபதுகளின் நடுவில். மேலே எஸ்டேட்டில் வேலை பார்த்த எங்கள் அத்தையின் மகளுக்குச் சடங்கு. "நானும் வருவேன்" என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள் — இதை அவளிடம் சொன்னால் அவளே சிரிப்பாள், அதனால் எழுதலாம். போடியிலிருந்து எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு காலையில் ஜீப்புகள் போகும். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்றெல்லாம் கேட்காதீர்கள். ஏறுகிற வரைக்கும் ஏறலாம்.

ஆனால் யார் எங்கே உட்காருவது என்பதில் மட்டும் அந்த ஜீப்பில் பெரிய சட்டதிட்டம் உண்டு. டிரைவருக்குப் பக்கத்தில் கங்காணியும் பிள்ளைத்தாச்சியும். பின்னால் திறந்த ஓரத்தில், வாந்தி எடுக்கிறவர்கள். மலை உச்சியில் இருக்கிற போடிமெட்டு வரைக்கும் கொண்டை ஊசி வளைவுகள் குடலைப் புரட்டும் என்பதால் இந்த ஏற்பாடு. வாந்திக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் என்னவென்றால், மலை முழுக்க அவர்களுக்குத்தான் தெரியும்.

அக்கா இதைக் கவனித்துவிட்டாள். டிரைவர் ராசு அண்ணனைக் கூப்பிட்டு, கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னாள்.

"அண்ணே, எனக்கு வாந்தி வரும்ணே. நான் ஓரத்துல உக்காந்துக்கிறேன்."

ராசு அண்ணன் பதறிப்போனார். "காலும் முடியாம, வாந்தியும் வருமா? ஆத்தாடி! ஓரத்துல உக்காந்து ஒரு ஆட்டம் ஆடுச்சுன்னா எங்கன தாயி போயி உன்னையத் தேடுறது? ஏய், அந்தப் புள்ளைய நடுவுல ஏத்துங்கப்பா. அரிசி மூட்டை மேல உக்கார வைங்க. எல்லாரும் அணைச்சாப்புல இருங்க."

ஏற்றினார்கள். ரெண்டு பக்கமும் முழங்கால்கள் வேலி மாதிரி. முன்னால் ஒரு அம்மாவின் முதுகு, பின்னால் இன்னொரு அம்மாவின் முதுகு, தலைக்கு மேலே தார்ப்பாய். போதாததற்கு ராசு அண்ணன் ஒரு எலுமிச்சம்பழத்தை வேறு கையில் கொடுத்து, "மோந்துக்கிட்டே வா தாயி, ஒண்ணும் செய்யாது" என்றார். வளைவு வரும்போதெல்லாம் நாலு கைகள் அவளைப் பிடித்துக்கொண்டன. இப்படி ஒரு பாதுகாப்பை எந்த மகாராணியும் பார்த்திருக்க மாட்டாள்.

எனக்கு நிஜமாகவே வாந்தி வந்தது. அதனால் எனக்கு ஓரத்து இடம். பாதி மலையை வாந்தி எடுத்துக்கொண்டே பார்த்தேன்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. "தம்பி... என்னடா தெரியுது?"

"என்னத்தத் தெரியுது, மலைதான்!" என்று கத்தினேன். எனக்கு என் பாடு.

மேலே போனால் ஒரே மூடுபனி. பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியவில்லை. சடங்கு வீட்டில் அவளை அடுப்புக்குப் பக்கத்தில் கதகதப்பாக உட்கார வைத்தார்கள். தோட்டத்துக்கு இறங்குகிற பாதை வழுக்கும் என்று ஒருத்தரும் விடவில்லை. மறுநாள் அதே ஜீப்பு, அதே நடு இடம், அதே முதுகுகள். மலைக்குப் போய் வந்தாள்... மலையைப் பார்க்காமல்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அன்றைக்கு ஏர்போர்ட்டில் போய் நின்றேன். அதைத்தான் தாங்க முடியவில்லை.

கவுண்ட்டரில் டை கட்டிய இளைஞர். எதிரில் நிற்கிற அக்காவை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இவங்களால நடக்க முடியுமா சார்?"

"முடியும்" என்றாள் அக்கா.

"படி ஏறுவாங்களா?" — மறுபடியும் என்னிடமே.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் பாட்டுக்கு ஒரு அட்டையை எடுத்தார். விமானத்தின் சீட்டு எண்கள் எல்லாம் அதில் குட்டிக் குட்டி ஸ்டிக்கராக ஒட்டியிருந்தன. இரண்டை உரித்து எங்கள் போர்டிங் கார்டில் ஒட்டினார். "நடு வரிசை, இடது பக்கம். மேடத்துக்கு ஜன்னல் ஓரம். உங்களுக்குப் பக்கத்து சீட்."

விடுவேனா? "என்ன சார் இது? கால் முடியாதவங்களை நடு வரிசையில, அதுவும் உள்ளே தள்ளி ஜன்னல் ஓரத்துல போடறீங்க? எப்படி நுழைவாங்க, எப்படி எழுந்திரிப்பாங்க? வாசலுக்குப் பக்கத்து வரிசையில, நடைபாதை ஓரமா கொடுங்க."

"அந்த வரிசையெல்லாம் ரிசர்வ் பண்ணி வெச்சிருக்கோம் சார்."

"யாருக்கு? ரெண்டு காலும் நல்லா இருக்கிறவங்களுக்கா?"

க்யூவில் இரண்டு பேர் "கரெக்ட்" என்றார்கள். அவ்வளவுதான், எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. அதிகாரியைக் கூப்பிடச் சொன்னேன். அவருடைய அதிகாரியைக் கூப்பிடச் சொன்னேன். ஊனமுற்றோர் உரிமை, நாட்டின் நிலைமை எல்லாம் பேசினேன்.

நடுவில் அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "தம்பி... இருக்கட்டும்டா. அந்தச் சீட்டே இருக்கட்டும்."

"நீ சும்மா இரு அக்கா, உனக்குத் தெரியாது" என்றேன்.

தெரியாதாம்!

ஜெயித்தேன். பழைய ஸ்டிக்கர்களைக் கிழித்துவிட்டுப் புதிது ஒட்டினார்கள். வாசலுக்குப் பக்கத்து வரிசை, அதே இடது பக்கம். அக்காவுக்கு நடைபாதை ஓரம், வசதியான சீட். எனக்கு ஜன்னல்.

விமானம் மத்தியானத்துக்கு மேல் கிளம்பியது. பணிப்பெண் தட்டில் மிட்டாயும் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சும் கொண்டு வந்தாள். அக்கா ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றைக் கடையில் கூட வேலை செய்கிற பெண்ணுக்கு என்று முந்தானையில் முடிந்து வைத்தாள். அவள் கால் சரியாக மடங்காது. நடைபாதையில் நீட்டிக்கொண்டிருந்தது. போகிறவர், வருகிறவர் எல்லாம் தாண்டினார்கள். டிராலி ஒரு இடி இடித்தது. "பரவாயில்ல தாயி" என்று அக்காதான் அந்தப் பணிப்பெண்ணைச் சமாதானப்படுத்தினாள்.

மேற்கு வெயில் என் முகத்தில் சுள்ளென்று அடித்தது. பேப்பர் படிக்க முடியவில்லை. ஜன்னல் மூடியை இழுத்து விட்டேன்.

அக்கா அடிக்கடி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பாவம், தம்பி நமக்காக எவ்வளவு போராடினான் என்று நன்றியோடு பார்க்கிறாள் என நினைத்துக்கொண்டேன். இரண்டு தரம் நானும் பெருந்தன்மையாகச் சிரித்தேன். அப்புறம் தூங்கிப்போனேன்.

மெட்ராஸில் இறங்கி, டாக்ஸியில் ஏறி, கிண்டி தாண்டும்போது அக்கா கேட்டாள்.

"நம்ம மலை தெரிஞ்சுச்சாடா?"

எனக்குத் திக்கென்றது. "ம்... தெரிஞ்சுச்சுக்கா."

"எப்பிடி இருந்துச்சு?"

"நல்லா... பச்சையா..."

"அந்தப் பக்கம்?"

நான் டாக்ஸி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். கோபமே இல்லை. அதுதான் கொன்றது.

"நீதான் கிளம்புன கொஞ்ச நேரத்துலயே ஜன்னல மூடிட்டேல்ல அப்பு."

"ஏன்க்கா, திறடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"அம்புட்டுப் பேரோட மல்லுக்கட்டி வாங்கிக் குடுத்திருக்க. அதுல போயி நொட்டை சொல்லச் சொல்றியா? அன்னைக்கு ஜீப்புலயும் இதே கதைதான். திட்டுறவுககிட்டகூட சண்டை போட்டு ஒண்ணு கேட்டு வாங்கிரலாம்டா. பத்திரமாப் பாத்துக்கிறவுககிட்ட என்னான்னு கேக்குறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்ஸி டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

யோசித்துப் பார்க்கிறேன். கால் முடியாதவர்களுக்கு என்று நாம் என்னென்னவோ செய்கிறோம். வாசலுக்குப் பக்கத்தில் இடம், பாத்ரூமுக்குப் பக்கத்தில் இடம், பிடித்துக்கொள்ள ஆள். எல்லாம் வேண்டியதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காலுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற அத்தனை பேரில், கண்ணுக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தராவது கேட்கிறோமா? எதிரே நிற்கிறவரிடமே கேட்கலாம். ஒரு நிமிடம்கூட ஆகாது. கவுண்ட்டர் இளைஞர் என்னிடம் கேட்டதற்கு எனக்குக் கோபம் வந்ததே, நான் மட்டும் யாரிடம் கேட்டேனாம்? அவராவது அறியாமல் என்றாலும் அவளுக்கு ஜன்னலைக் கொடுத்தார். நான் தெரிந்தே பிடுங்கிக்கொண்டேன்.

புதுக் கம்பிக்கு அளவெடுத்தாகிவிட்டது. இன்னும் பத்து நாளில் தயாராகிவிடுமாம். நேற்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா கேட்டாள்.

"திரும்பிப் போறப்ப மலை எந்தப் பக்கம்டா வரும்?"

கையாலேயே திசை போட்டுப் பார்த்துவிட்டு, "வலது பக்கம்க்கா" என்றேன். "நீ கவலைப்படாத. இந்தத் தடவை கவுண்ட்டர்ல நான் பேசி..."

"நீ ஒண்ணும் பேச வேணாம்" என்றாள் அக்கா. "நான் கேட்டுக்கிறேன். நீ அங்கிட்டுத் தள்ளி நின்னு பெட்டியப் பாத்துக்க."